சிட்சை யாருக்கு?

தமிழ்க் கிறித்தவ வீட்டுப் பிள்ளைங்க காதில் சின்ன வயசிலிருந்து விழுகிற சொற்களை எண்ணிப் பார்த்தால் கீழ்ப்படிதல், தாழ்மை, சிட்சை என்ற மூன்றும் முன்னால் வந்து நிற்கும். ஓய்வுநாள் பள்ளியில் சொல்வாங்க. திடப்படுத்தல் வகுப்பில் சொல்வாங்க. கல்யாணப் பிரசங்கத்தில் பொண்ணுக்கு மட்டும் தனியாக ஒரு தடவை சொல்வாங்க. கற்றுக்கொள்கிற மனசு வேணும், கடிந்து சொன்னா ஏத்துக்கிடணும், ஏத்துக்கிடாதவன் மூடன் என்பதுதான் சாரம். நீதிமொழிகள் புத்தகம் பூராவும் இந்தப் போதனை விரவிக் கிடக்கிறது. எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் 12ஆம் அதிகாரம் இதைத் தகப்பன் பிள்ளை உறவாகவே சொல்கிறது: தகப்பன் தன் சொந்தப் பிள்ளையைத்தான் சிட்சிப்பான், ஆகவே சிட்சை வந்தால் அது அன்பின் அடையாளம்.

இந்தப் போதனை தப்பு என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. சொன்னால் கேட்காத மனுசன் கெட்டுப்போவான், சொன்னால் கேட்காத இயக்கம் அழுகிப்போகும். இது அனுபவத்தில் கண்டது. என் கேள்வி வேறே. யார் வாய் சொல்ல, யார் காது கேட்க இந்தப் போதனை நடக்கிறது? திருத்துகிறவன் எந்தத் தெரு, திருந்த வேண்டியவள் எந்தத் தெரு? இதைக் கேட்காமல் பணிவைப் பற்றிப் பேசுகிற எந்தப் பேச்சும் நம்ம சனங்களுக்கு ஆபத்தானது. அதைக் காட்டுவதற்குப் பாமாவின் ‘கருக்கு’வையும் (1992) வேதத்தில் உள்ள மூன்று கதைகளையும் சேர்த்து வைத்து வாசிக்கிறேன்.

முதலில் சொல். எபிரேய மூலத்தில் இதற்கு ‘மூசார்’ என்று ஒரு சொல். படிப்பிப்பது, பழக்குவது, திருத்துவது எல்லாம் அதற்குள் அடக்கம். கிரேக்கத்தில் அதை ‘பைதேயா’ என்றார்கள். அது பிள்ளையை வளர்த்து ஆளாக்குவதையும் கல்வியையும் குறிக்கும். தமிழில் நமக்கு வந்து சேர்ந்தது ‘சிட்சை’. வடமொழிச் ‘சிக்ஷா’வுக்குக் கல்வி என்றுதான் பொருள். ஆனால் தமிழ் வழக்கில் அந்தச் சொல்லிலிருந்து கல்வி உதிர்ந்துபோய்த் தண்டனை மட்டும் மிஞ்சிவிட்டது. இன்றைக்குச் சபையில் உட்கார்ந்து ‘சிட்சை’ என்று கேட்கிற ஒரு பாட்டிக்குப் பள்ளிக்கூடம் ஞாபகத்துக்கு வராது, பிரம்புதான் வரும். அதிலும் நம்ம சனங்களுக்குப் பிரம்பு உவமை இல்லை. கீழத்தஞ்சையில் பண்ணையாட்களைக் கட்டி வைத்துச் சவுக்கால் அடித்ததற்கும், சாணிப்பால் குடிக்க வைத்ததற்கும்கூடத் தண்டனை என்றுதான் பேர். அடிக்கிறவன் அங்கேயும் தன்னைத் தகப்பன் ஸ்தானத்தில் வைத்துத்தான் பேசினான். ஆகவே ‘சிட்சை என்றால் அன்பு’ என்று ஒரு சேரிச் சபையில் பிரசங்கம் பண்ணும்போது, அந்தச் சொல் நூறு வருசத்து முதுகுத் தழும்பைத் தொட்டுக்கொண்டுதான் உள்ளே போகும்.

தமிழுக்கு இன்னொரு மரபும் உண்டு. குறளில் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். இடித்துச் சொல்ல ஆளில்லாத அரசன், கெடுப்பவர் இல்லாமலே கெடுவான் என்பது அங்கே உள்ள கருத்து. இடித்துரையைக் கேட்க வேண்டிய கடமை அங்கே அரசன் தலையில் இருக்கிறது, குடிமகன் தலையில் இல்லை. அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவன் காதுதான் முதலில் திறக்கணும். வேதத்தில் இது உண்டா? உண்டு. அதைத்தான் நம்ம பிரசங்க பீடங்கள் அடக்கி வாசிக்கின்றன.

முதல் கதை இரண்டாம் சாமுவேல் 12ஆம் அதிகாரம். தாவீது ராஜா உரியாவின் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் நிறுத்திச் சாகடித்துவிட்டான். உரியா ஏத்தியன், வேற்றினத்தான். நாத்தான் தீர்க்கதரிசி அரண்மனைக்குள் போய் ஒரு கதை சொல்கிறார். ஆடுமாடு நிறைய வைத்திருந்த பணக்காரன், ஏழை ஒருவன் மடியில் வைத்து வளர்த்த ஒத்தை ஆட்டுக்குட்டியைப் பிடித்து விருந்தாளிக்குச் சமைத்த கதை. ராஜாவுக்குக் கோபம் பொங்குகிறது. அந்த ஆள் வேறு யாருமில்லை, நீதான் என்று நாத்தான் முகத்துக்கு நேரே சொல்கிறார். ராஜா ஒத்துக்கொள்கிறான். சங்கீதம் 51 அந்தச் சமயத்தில் பாடியது என்று அதன் தலைப்பே சொல்கிறது.

இதை மனந்திரும்புதலுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். சரி. ஆனால் செத்துப்போன உரியா திரும்பி வரவில்லை. பத்சேபாளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் பெற்ற பிள்ளையும் சாகிறது. ராஜா திருந்தினதற்கு விலை கொடுத்தவர்கள் வேறே ஆட்கள். இதையும் சேர்த்து வாசிக்கணும். ஆதிக்கத்தில் இருக்கிறவன் மனம் வருந்தினான் என்பதோடு கதையை முடித்துவிட்டால், பாதிக்கப்பட்டவன் கணக்கு தீராமலே கிடக்கும். நம்ம ஊரில் ‘வருத்தம் தெரிவித்து’ முடித்துவைக்கிற எத்தனை பஞ்சாயத்துகள் இப்படி.

இரண்டாவது கதை கலாத்தியர் 2ஆம் அதிகாரம், அந்தியோகியா. பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். யாக்கோபிடமிருந்து சிலபேர் வந்ததும் அவர்களுக்குப் பயந்து பந்தியிலிருந்து விலகிக்கொள்கிறார். மற்ற யூதர்களும் விலக, பர்னபாவும் அதில் இழுபடுகிறார். பவுல் என்ன செய்தார்? தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொல்லவில்லை. எல்லார் முன்னாலும் எதிர்த்து நின்று கேட்டார். பேதுரு சபையின் தூண். பவுல் பின்னால் வந்தவர், சபையைத் துன்பப்படுத்தின பழைய கணக்கு உள்ளவர். ஆனாலும் கேட்டார். கேட்டது என்ன விசயத்துக்கு? சாப்பாட்டுக்கு. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதற்கு. முதல் நூற்றாண்டுச் சபையில் நடந்த பெரிய கண்டிப்புகளில் ஒன்று பந்தியில் பாரபட்சம் காட்டினதற்காக நடந்தது என்பதை, சமபந்திக்குச் சண்டை போட்ட ஊர்க்காரர்களான நாம் மறக்கக்கூடாது.

மூன்றாவது கதை மாற்கு 7ஆம் அதிகாரத்தில் வருகிற சீரோபேனிக்கிய தேசத்துப் பெண். மத்தேயு 15இல் அவளைக் கானானியப் பெண் என்று சொல்லியிருக்கிறது. பிள்ளைக்குச் சுகம் கேட்டு வருகிறாள். பிள்ளைகளுடைய அப்பத்தை எடுத்து நாய்க்குட்டிகளுக்குப் போடுவது சரியில்லை என்று இயேசுவே சொல்கிறார். அவள் அந்தப் பேச்சையே திருப்பி, மேசைக்குக் கீழே நாய்க்குட்டிகளும் துணுக்குகளைத் தின்னுமே என்கிறாள்.

எங்க ஊர்ச் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கப் பண்டிகைக்கு இந்தக் கதையைத்தான் அடிக்கடி எடுப்பார்கள். வருகிற போதகர் யாராக இருந்தாலும் பிரசங்கம் ஒன்றே: பாருங்கள் அவள் தாழ்மையை, நாய் என்று சொன்னாலும் கோபப்படவில்லை, பொறுத்துக்கொண்டாள், ஆசீர்வாதம் கிடைத்தது. ஒரு வருசம் பண்டிகை முடிந்து சோறு சாப்பிடும்போது எங்க அம்மாச்சி சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. “அவ எங்க பொறுத்தா? பதிலுக்குப் பதில் பேசித்தானே பிள்ளைய மீட்டுட்டு வந்தா. வாய் பேசாம நின்னிருந்தா பிள்ள செத்துல்ல போயிருக்கும்.” அம்மாச்சி பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவள் இல்லை. வயலில் ‘நாய்’ என்ற வசவைக் காது நிறையக் கேட்டவள். அதனால் அந்தச் சொல்லை அவள் உவமையாகக் கேட்கவில்லை, தன்னைச் சொன்னதாகக் கேட்டாள்.

அம்மாச்சியின் வாசிப்புக்கு மாற்கின் பிரதியிலேயே ஆதாரம் இருக்கிறது. மத்தேயுவில் இயேசு அவளுடைய விசுவாசத்தைப் புகழ்கிறார். மாற்கில் விசுவாசம் என்ற பேச்சே இல்லை. நீ சொன்ன அந்த வார்த்தைக்காகப் பிசாசு போயிற்று, நீ போகலாம் என்பதுதான் பதில். அதாவது அவள் பேச்சு ஜெயித்தது. மாற்கின் அடுத்த அதிகாரத்தைப் பாருங்கள், நாலாயிரம் பேருக்கு அப்பம் பகிரப்படுகிறது. புறஜாதியார் வாழ்ந்த தெக்கப்போலி பக்கத்தில் அது நடந்ததாக வாசிக்கிற அறிஞர்கள் உண்டு. துணுக்கு கேட்டவளின் பேச்சுக்குப் பிறகு அந்தப் பக்கத்து சனங்களுக்கு முழு அப்பமே கிடைக்கிறது. வேதத்தில் இயேசுவை வாதத்தில் மடக்கினவர்கள் யாருமில்லை, இவளைத் தவிர. அவர் கேட்டார், மாறினார். அவரே ஒரு வேற்றினப் பெண்ணிடம் கற்றுக்கொண்டார் என்று வாசித்தால் அவர் மகிமை குறைந்துபோகுமா? குறையும் என்று பயப்படுகிறவர்கள்தான் அவளைத் தாழ்மைக்காரி ஆக்கினார்கள்.

ஆக, மூன்று கதையிலும் திருத்தம் கீழேயிருந்து மேலே போகிறது, அல்லது பின்னால் வந்தவனிடமிருந்து முன்னால் இருந்தவனுக்குப் போகிறது. இதே திருத்தத்தைத் தமிழ்நாட்டுச் சபைகள் எப்படி எதிர்கொண்டன?

1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சாதி வித்தியாசத்தைச் சபைக்குள் உடனே கைவிட வேண்டும் என்று தென்னிந்திய சபைகளுக்குக் கடிதம் எழுதினார். தனித்தனி இருக்கை, நற்கருணையில் முந்துவது பிந்துவது எல்லாம் போகணும் என்றார். என்ன நடந்தது? வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் மேல்சாதிக் கிறித்தவர்கள் சபையை விட்டு வெளியேறினார்கள். பின்னால் சாதி விசயத்தில் மெத்தனமாக இருந்த லுத்தரன் மிஷனில் பலபேர் போய்ச் சேர்ந்தார்கள். அதற்கு முன்பே, 1820களில், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் சாதியை விடச் சொன்ன புது மிஷனரிகளை எதிர்த்து எழுதிவிட்டார். அருமையான கீர்த்தனைகள் பாடின அந்தப் பேனாதான் இதையும் எழுதியது. 1850இல் சென்னை மிஷனரிகள் மாநாடு, கூடிச் சாப்பிட்டுச் சாதியை உடைக்காதவர்களுக்கு ஞானஸ்நானம் இல்லை என்கிற அளவுக்குப் போனது. அதற்கும் முணுமுணுப்புதான்.

கத்தோலிக்கத் தரப்பில் கதை இன்னும் பழசு. நொபிலி காலத்து மதுரை மிஷனில் மேல்சாதிக்கு ஒரு வகைச் சாமியார், கீழ்ச்சாதிக்குப் பண்டாரசாமி என்று 17ஆம் நூற்றாண்டிலேயே பிரித்து வைத்தார்கள். வடக்கன்குளத்தில் சாதிகள் ஒன்றையொன்று பார்க்காமல் பூசை காண்பதற்கென்றே 1872இல் இரட்டைக் கூடம் வைத்துக் கோயில் கட்டினார்கள். பிறகு உள்ளே இருந்த தடுப்பை எடுத்தபோது, பிரிவினையை மறுபடி வைக்கச் சொல்லி வெள்ளாளக் கிறித்தவர்கள் ஆயர் மேல் வழக்குப் போட்டுச் சென்னை உயர்நீதிமன்றம் வரை போனார்கள். நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. வருசம் முழுக்கச் சிட்சையைப் பற்றிக் கேட்டவர்கள், சிட்சை தங்கள் பக்கம் திரும்பினதும் வக்கீல் வைத்தார்கள்.

இது பழைய கதை என்று தள்ள முடியாது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவில் நின்ற சுவரைப் பற்றிப் பல பத்தாண்டுகள் பேசியாயிற்று. விழுப்புரம் மாவட்டமாக இருந்தபோது எறையூரில், தனிப் பங்கு கேட்ட தலித் கிறித்தவர்களின் வீடுகள் 2008 மார்ச் 9ஆம் தேதி தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறித்தவர்கள் இரண்டு பேர் செத்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே ஜெபமாலைதான். அதற்கு நாலு வருசத்துக்கு முன்பே, 2003 நவம்பரில், போப் இரண்டாம் ஜான் பால் தமிழ்நாட்டு ஆயர்களை நேரில் வைத்துக்கொண்டு, கிறித்தவர்களுக்குள் சாதி பார்ப்பது விசுவாசத்துக்கு எதிர்சாட்சி என்கிற பொருளில் கண்டித்திருந்தார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென்று தனிக் கொள்கை ஆவணமே வெளியிட்டது. ஆவணம் வருவது நல்லதுதான். ஆனால் போப் சொன்னால்தான் காதில் விழும், சேரி சொன்னால் விழாது என்றால், அது கற்றுக்கொள்கிற மனசு இல்லை. மேலதிகாரிக்குப் பயப்படுகிற மனசு. இரண்டும் வேறே வேறே.

இந்த வரலாற்றின் நடுவில் வைத்துத்தான் ‘கருக்கு’வை வாசிக்கணும். தலித் தன்வரலாறு என்று அதைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. நான் பார்க்கச் சொல்வது ஒன்றே ஒன்று: திருத்தப்படுதல் பற்றிய புத்தகமாக அதை வாசித்துப் பாருங்கள்.

அதில் ஒரு சம்பவம் வரும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தென்னை மரத்தில் ஏறி விளையாடும்போது ஒரு இளங்காய் விழுந்துவிடுகிறது. மறுநாள் பழி பாமா மேல் விழுகிறது. தலைமையாசிரியர் எல்லார் முன்னாலும் சாதியைச் சொல்லி அவமானப்படுத்தி வெளியே அனுப்புகிறார். சிறுமி சாமியாரிடம் போய் நடந்ததைச் சொல்கிறாள். சாமியாரும் சேரிப் பிள்ளைதானே, செய்திருப்பாய் என்று முடிவு கட்டுகிறார். விசாரணை இல்லை, சாட்சி இல்லை. இங்கே ‘திருத்தம்’ எப்படி வேலை செய்கிறது என்று கவனியுங்கள். திருத்துவதற்குத் தவறு தேவைப்படவில்லை, தெரு போதுமானதாக இருக்கிறது. பிறப்பே பிழை என்று வைத்துக்கொண்டால் அப்புறம் சிட்சைக்கு முடிவே கிடையாது. பிழையைத் திருத்தலாம், பிறப்பை எப்படித் திருத்துவது?

அதே புத்தகத்தில் வேறொரு போதனையும் வருகிறது. பாமாவின் அண்ணன், படித்தால் இந்த இழிவுகளைத் தூக்கியெறியலாம், வகுப்பில் முதலாவதாக வா, தானாக உன்னிடம் ஒட்டிக்கொள்வார்கள் என்கிற மாதிரிச் சொல்கிறார். அந்தச் சிறுமி அதைப் பிடித்துக்கொண்டு வெறியாகப் படிக்கிறாள், முதலாவதாக வருகிறாள். அதாவது சொன்னால் கேட்கிற பிள்ளை அவள். கற்றுக்கொள்கிற மனசுக்கு அந்தப் புத்தகத்தில் எடுத்துக்காட்டு தேடினால் பாமாதான். வேலையை விட்டுவிட்டு மடத்தில் சேர்ந்ததும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்ற ஆசையில்தான். அங்கே கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு. சில சபைகளில் தலித் பெண்களைக் கன்னியராகச் சேர்க்க மாட்டார்கள் என்று பயிற்சியிலேயே காதில் விழுகிறது. மடத்துப் பள்ளிகள் வசதிக்காரப் பிள்ளைகளுக்கு வேலை செய்கின்றன. கேள்வி கேட்டால் பணிவில்லை என்கிறார்கள். ஏழு வருசம் பார்த்துவிட்டு வெளியே வருகிறார்.

திருச்சபைப் பாஷையில் இதற்கு என்ன பேர்? அழைத்தலை இழந்தவள், கீழ்ப்படியாதவள். நான் மாற்றிச் சொல்கிறேன். ‘கருக்கு’வில் கற்றுக்கொள்ள மறுத்தது மடம். ஒரு சேரிப் பெண் ஏழு வருசம் உள்ளேயே இருந்து பாடம் சொல்லியிருக்கிறாள், மடம் பரீட்சையில் தோற்றது.

மிஷல் பூக்கோ பாவசங்கீர்த்தனத்தைப் பற்றிச் சொல்லும்போது, பேசுகிறவனிடம் அதிகாரம் இல்லை, கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனிடம்தான் இருக்கிறது என்பார். கத்தோலிக்கப் பெண்ணாக வளர்ந்த பாமாவுக்கு அந்த வடிவம் சின்ன வயசிலேயே பழக்கம். ‘கருக்கு’ அந்த வடிவத்தைத் தலைகீழாக்குகிறது. மண்டியிட்டிருந்தவள் எழுந்து நின்று, உட்கார்ந்திருந்தவரின் பாவத்தைச் சொல்கிறாள். பனங்கருக்கு இரண்டு பக்கமும் அறுக்கும் என்பதைப் பாமா முன்னுரையில் வேதத்தில் வருகிற இருபுறமும் கருக்குள்ள பட்டயத்தோடு இணைக்கிறார். அந்தப் பட்டயம் வருவது எபிரெயர் நிருபம் 4ஆம் அதிகாரத்தில். சிட்சைப் போதனை வருவதும் அதே நிருபத்தில்தான், 12ஆம் அதிகாரத்தில். ஒரே நிருபம். மடம் பன்னிரண்டைக் கையில் எடுத்தது, பாமா நாலைக் கையில் எடுத்தார்.

திருத்தல் என்றால் எங்களை மாதிரித் தமிழ் படித்தவர்களுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு, சிவப்பு மை. நான் படித்த கல்லூரியில் ஒரு கட்டுரையில் ‘கெடக்கு’ என்று எழுதினதற்கு அந்தப் பக்கம் முழுக்கச் சுழித்துவிட்டு, ஓரத்தில் ‘கொச்சை’ என்று எழுதிக் கொடுத்தார் ஒரு பேராசிரியர். அது எங்க அம்மாச்சி பேசினதை அப்படியே எழுதின பக்கம். ‘கருக்கு’ வந்தபோதும் அதே குற்றச்சாட்டு வந்தது, இது தமிழா, இப்படி எழுதலாமா என்று. பாமா அந்தத் திருத்தத்தை ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் நமக்கு ஒரு சுத்தமான, செத்துப்போன புத்தகம் கிடைத்திருக்கும். எல்லாத் திருத்தத்தையும் ஏற்பது பணிவு ஆகாது. எது பிழை, எது நம்ம உயிர் என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதும் கல்விதான்.

அப்படியானால் ஆசிரியர் ஸ்தானத்தில் இருக்கிறவர்கள் கற்றுக்கொள்வது எப்படி இருக்கும்? பிரேசில்காரரான பாவ்லோ ஃப்ரெய்ரே சொன்னார்: பாடம் சொல்கிறவன் தானும் மாணவனாக இல்லாவிட்டால் அது வங்கியில் பணம் போடுகிற மாதிரிதான். நமக்குப் பக்கத்திலேயே ஒருத்தர் இருந்தார். மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் சொன்ன தியாபிலஸ் அப்பாவு. ‘பரட்டை’ என்று பேர் வைத்துக்கொண்டவர். நாட்டுப்புற மெட்டில், பேச்சு மொழியில் பாட்டுக் கட்டினார். நாட்டுப்புற வடிவத்தை அவர் எடுத்ததற்கு ஒரு காரணம், அதைச் சனங்கள் தங்கள் வாயில் போட்டு மாற்றிக்கொள்ளலாம் என்பது. கீர்த்தனையை மாற்றினால் பிழை, கிராமத்துப் பாட்டை மாற்றினால் அது வளர்ச்சி. ‘ஒரே உலை’யில் சமைத்து எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவதை அவர் இறையியலாகவே பேசினார். அந்தியோகியாவில் பவுல் போட்ட சண்டை அரசரடியில் இப்படித் தொடர்ந்தது. 2005இல் அவர் காலமானார். பாட்டுகள் கிராமத்தில் வார்த்தை மாறி மாறி ஓடிக்கொண்டிருக்கின்றன.

இத்தனையும் சபையைப் பார்த்துச் சொல்லிவிட்டு நம்ம பக்கம் திரும்பாமல் இருந்தால் அது நேர்மை ஆகாது. திருத்தம் கீழேயிருந்து மேலே போகணும் என்றால், நமக்குக் கீழே நாம் வைத்திருப்பவர்கள் யார் என்ற கேள்வி வரும். ‘கருக்கு’வுக்கு அடுத்து 1994இல் வந்த ‘சங்கதி’யில் பாமா சேரிக்குள்ளேயே திரும்பினார். வெளியே மேல்சாதிக்காரனிடம் அடிபட்டு வருகிற ஆம்பிளை வீட்டுக்குள் பொம்பிளையை அடிப்பதை எழுதினார். இயக்கத் தோழர்களில் ‘கருக்கு’வைத் தூக்கிப் பேசுகிற வாய் ‘சங்கதி’ என்றதும் கொஞ்சம் தாழ்ந்துவிடுகிறது. கூட்டத்தில் ஒரு பெண் தோழர் எழுந்து குறை சொன்னால், ‘இதை வெளியே பேசாதே, எதிரிக்கு வசதியாகிவிடும்’ என்கிறோம். மடத்தில் தலைமைச் சகோதரி சொன்னதும் ஏறக்குறைய இதுதானே.

அருந்ததியர் விசயம் இன்னும் கடினம். 2009இல் தமிழ்நாட்டில் பட்டியல் சாதிகளுக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. அப்போது எதிர்ப்பு மேல்சாதியிலிருந்து மட்டும் வரவில்லை. பட்டியலுக்குள்ளேயே மற்ற சாதிகளின் அமைப்புகளிலிருந்தும் வந்தது. 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு பட்டியலுக்குள் உள்வகைப்பாடு செய்யலாம் என்று தீர்ப்புச் சொன்ன பிறகும் முணுமுணுப்பு அடங்கவில்லை. சட்ட வாதங்கள் இருக்கட்டும். மலக்குழிக்குள் இறங்கிச் சாகிறவன் வந்து ‘அண்ணே, பந்தியில எனக்கு எலை விழலை’ என்கிறபோது, அதை ஒற்றுமைக்குக் கேடு என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? வேப்பேரியில் சபையை விட்டு வெளியேறினவர்களும் தங்கள் மரியாதைக்குக் கேடு என்றுதான் சொன்னார்கள்.

இறையியல் படிக்கிற நம்ம பிள்ளைகளுக்கு, சபையில் பிரசங்கம் பண்ணப் போகிறவர்களுக்கு நான் கேட்டுக்கொள்வது இது. சிட்சை, தாழ்மை, கீழ்ப்படிதல் என்று பேசும்போது எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று ஒரு தடவை ஏறெடுத்துப் பாருங்கள். முன்வரிசை நாற்காலியில் கமிட்டிக்காரரும் பின்னால் பாயில் கூலிக்காரப் பெண்களும் இருந்தால், அன்றைக்குப் பிரசங்கம் முன்வரிசைக்கு. கலாத்தியர் 2ஐ எடுங்கள். மாற்கு 7ஐ அம்மாச்சிமார் எப்படி வாசிக்கிறார்கள் என்று அவர்களையே பேச விட்டுக் கேளுங்கள். சபைக் கணக்கு, கல்லறை, நற்கருணைக் கிண்ணம், சப்பரம் போகிற தெரு, இவை பற்றிச் சேரியிலிருந்து ஒரு குறை வந்தால் அதைச் சிட்சையாக ஏற்றுக்கொள்ளப் பழகுங்கள். ஏனென்றால் அது சிட்சைதான்.

நம்ம அமைப்புகளுக்கும் இதேதான். அடுத்த மாவட்டக் கூட்டத்தில் பேச்சாளர் பட்டியலை ஓரம் வைத்துவிட்டு, முதல் ஒரு மணி நேரம் பெண்களும் அருந்ததியத் தோழர்களும் நம்மைப் பற்றிச் சொல்லட்டும். பதில் சொல்ல அவசரப்படாமல் கேட்போம். எழுதி வைப்போம். அடுத்த கூட்டத்தில் அதில் எது மாறியிருக்கிறது என்று அவர்களே சொல்லட்டும்.